கல்யாண ஜாக்கெட்டும் நாலால் வகுத்தலும்

அக்கா பெண்ணின் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் நடந்து எட்டு மாதம் ஆகிறது. மாலை மாற்றலில் பெண்ணைத் தூக்குவது தாய்மாமன் வேலை. இருபது வருஷமாக லேப்டாப் பையைத் தவிர எதையும் சுமந்து பழகாத தோளில் அவளை ஏற்றிக்கொண்டு நின்றேன். எதிரே மாப்பிள்ளையை அவருடைய மாமா தூக்கிக்கொண்டு நின்றார். நாதஸ்வரம், சிரிப்பு, ஒரே கூச்சல். மூன்று முறை மாலை மாற்ற வேண்டும். முதல் தடவையே இவள் கை மேலே போகவில்லை. குனிந்து என் காதில் சொன்னாள்: "மாமா, கையத் தூக்க முடியல. தூக்கினா ஜாக்கெட் மேல ஏறிடறது."

என்ன செய்வது? நான்தான் முட்டியை மடக்கி, முன்னால் சாய்ந்து, மாப்பிள்ளை கழுத்துக்கு நேராக அவளைக் கொண்டுபோனேன். கூட்டம் அதை விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டியது. "பொண்ணு எவ்ளோ வெக்கப்படறா பாரு" என்று ஒரு மாமி சொல்வது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

அவள் வெட்கப்படவில்லை. பயந்துகொண்டிருந்தாள். அந்த ஜாக்கெட்டுக்குத் துணி, தையல், ஆரி வேலை எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகியிருந்தது. தைத்த கடை திருச்சியில் நல்ல பெயர் உள்ள கடைதான், பெயர் இங்கே வேண்டாம். ஏனென்றால் நான் குறை சொல்லப்போவது ஒரு கடையை இல்லை. ஊர் முழுக்க, அநேகமாகத் தமிழ்நாடு முழுக்க, கல்யாண ஜாக்கெட்டை எப்படி அளந்து வெட்டுகிறார்கள் என்பதைத்தான். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்கோ மாமா, ஆனா போட்டோ போடாதீங்கோ" என்றாள். போடவில்லை.)

ஓர் ஆண் எழுதுகிற விஷயமா இது என்று கேட்பவர்களுக்கு: அம்மா உத்திர வீதி வீட்டுத் திண்ணையறையில் முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்தவள். என் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸில் பாதி அந்த மிஷினில் இருந்து வந்தது. காஜா எடுக்கவும் ஊக்கு வைக்கவும் எனக்குத் தெரியும்.

அளவு எடுத்த விதம்

கல்யாணம் முடிந்து, களைப்பெல்லாம் தீர்ந்த பிறகு, அவளிடம் நிதானமாகக் கேட்டேன். கடையில் எப்படி அளவு எடுத்தார்கள்?

முதலில் "அளவு ஜாக்கெட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவள் ஒன்றைக் கொடுத்தாள். அது காலேஜில் படிக்கும்போது தைத்தது. அதை மேஜையில் விரித்துப் போட்டு அளந்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்து ஒரு எண், இடுப்பைச் சுற்றி ஒரு எண், கை நீளம், கழுத்து இறக்கம். மொத்தம் மூன்று நிமிஷம். அன்றைக்கு இவள் சுடிதாரின் மேல் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்தன்று உள்ளே என்ன போடப்போகிறாள், பின் கழுத்து இவ்வளவு இறக்கினால் வழக்கமான பிரா போட முடியுமா, எதையும் யாரும் கேட்கவில்லை. "கப் வெச்சுடலாமா?" என்று மட்டும் கேட்டார்கள். வைத்துவிட்டார்கள்.

அளவு ஜாக்கெட் என்பதே ஒரு விசித்திரமான ஏற்பாடு. உடம்பை அளக்கக் கூச்சம், அதனால் உடம்புக்குப் பதில் ஒரு துணியை அளக்கிறோம். அந்தத் துணி சரியாகத் தைக்கப்பட்டிருந்தால் பிரச்சனை இல்லை. தப்பாகத் தைத்திருந்தால் அந்தத் தப்பும் அடுத்த ஜாக்கெட்டுக்குப் போகும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. எங்கள் தொழிலில் பழைய புரோகிராமைக் காப்பியடித்து அதன் பிழையையும் சேர்த்துக் கொண்டுவருவோமே, அதே கதை. பல பெண்கள் "எனக்கு எந்த டெய்லரும் சரிவராது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதி பேருக்கு டெய்லர் மாறினார், அளவு ஜாக்கெட் மாறவில்லை.

நாலால் வகுத்தல்

யூடியூபில் தமிழில் ஜாக்கெட் கட்டிங் வீடியோக்கள் ஏராளம். ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். ஆளுக்கு ஆள் அரை இன்ச், ஒரு இன்ச் மாறினாலும் அடிப்படைச் சூத்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். மார்பு சுற்றளவை நாலால் வகு. தையலுக்குக் கொஞ்சம் சேர். முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. ஆர்ம்ஹோல் இறக்கமும் அதே மார்பு சுற்றளவிலிருந்து ஒரு வகுத்தல். டாட் எங்கே வரவேண்டும் என்பதும் அதிலிருந்தேதான். ஒரே ஒரு எண்ணிலிருந்து முழு ஜாக்கெட்டும் பிறந்துவிடுகிறது.

இதில் ஒரு அழகு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர்கூட இதைக் கற்று ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற முடியும். நடுத்தர உடம்புக்கு, பருத்தித் துணிக்கு, தினசரி உபயோகத்துக்கு இது போதும். என் விமர்சனம், இதே சூத்திரத்தைக் கல்யாண ஜாக்கெட்டுக்கும் அப்படியே கொண்டுவருவதில்தான்.

உதாரணத்துக்கு இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மார்பு சுற்றளவு 38 இன்ச். முதல் பெண் அகன்ற முதுகுக்காரி: பக்கத் தையலிலிருந்து பக்கத் தையல் வரை முன்னால் 19.5, பின்னால் 18.5. மார்புக்குக் கீழே சுற்றளவு 35. இரண்டாவது பெண் ஒல்லியான முதுகு, பெரிய மார்பு: முன்னால் 21.5, பின்னால் 16.5. கீழே 32. சூத்திரத்துக்கு இந்த இருவரும் ஒரே ஆள். இருவருக்கும் ஒரே ஜாக்கெட் வரும். இரண்டாமவளுக்கு முன்னால் ஊக்குகள் இழுத்துக்கொண்டு இடைவெளி விடும், முதுகில் துணி தொளதொளவென்று நிற்கும். கடைக்காரர் என்ன செய்வார்? "டைட்டா இருக்கு, ஒரு தையல் பிரிச்சு விடறேன்" என்பார். முன்னால் கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனால் கீழே இன்னும் தளர்ந்துவிடும். அதாவது தாங்க வேண்டிய இடத்தில் பிடிப்பு போய்விடும்.

தாங்குவது என்று வரும்போது பலரும் நினைப்பது தோள்பட்டையை. உண்மையில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை. தோள்பட்டை துணையாள் மட்டும். பிராவுக்கும் இதே விதிதான். கீழ்ப்பட்டை தளர்ந்தால் முழுப் பாரமும் தோளுக்கு வரும், தோளில் தடம் விழும். கீழ் சுற்றளவையே அளக்காத கடை இதற்கு எங்கிருந்து பட்டை வைக்கும்?

மேலைநாட்டிலும் ஆரம்பத்தில் இந்த நிலைதான். 1914இல் அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் பிராவுக்கு வாங்கிய காப்புரிமை பிரபலமானது. இரண்டு கைக்குட்டையும் ரிப்பனும் வைத்துத் தொடங்கிய யோசனை அது. உடம்புக்கேற்ற ஆழமான கிண்ணம் அதில் இல்லை. சுற்றளவு வேறு, ஆழம் வேறு என்று பிரித்து ஏ, பி, சி, டி என்று எழுத்து கொடுக்கும் வழக்கத்தை எஸ். எச். கேம்ப் நிறுவனம் தொடங்கியது 1932இல். அதற்குப் பிறகுதான் ஒற்றை எண் இரண்டு எண்ணானது. உள்ளாடைக் கடையில் நம் பெண்களும் இன்று இரண்டு அளவு சொல்லித்தான் வாங்குகிறார்கள். அங்கிருந்து நாலு கடை தள்ளி இருக்கிற டெய்லர் கடைக்குள் நுழைந்ததும் ஒரு அளவு காணாமல் போய்விடுகிறது!

கடலைப் பொட்டலக் கணக்கு

ஆழம் துணிக்கு எப்படி வருகிறது? டாட் பிடிப்பதால். தட்டையான காகித வட்டத்தில் ஒரு ஆப்பு அளவு மடித்து ஒட்டினால் அது கூம்பாகும். கடலைப் பொட்டலம் மாதிரி. டாட்டும் அதேதான்.

அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு இன்ச் ஆரம் உள்ள வட்டம். விளிம்பில் ஒன்றரை இன்ச் அகலத்துக்கு ஒரு டாட் பிடித்தால் கூம்பின் உயரம் சுமார் 1.4 இன்ச். அதே அளவில் இரண்டு டாட் என்றால் 1.9. மூன்று என்றால் 2.3. நாலு என்றால் 2.6.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் டாட் 1.4 இன்ச் ஆழம் கொடுத்தது, நாலாவது டாட் அதே அளவு துணியைத் தின்றுவிட்டு வெறும் 0.3 இன்ச்தான் கொடுத்தது. "டாட்டக் கொஞ்சம் பெரிசா பிடிச்சுட்டா சரியாயிடும்" என்பது சின்ன மார்புக்கு உண்மை. பெரிய மார்புக்கு அது கணக்குப்படியே போதாது. அங்கே முனை மட்டும் கூர்மையாகத் துருத்திக்கொள்ளும், சுற்றிலும் துணி போதாமல் இழுக்கும். அதற்குத்தான் பிரின்சஸ் கட், கட்டோரி எல்லாம் வந்தது. வேறு வேறு வளைவுள்ள இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் கூம்புக்குப் பதில் கிண்ணம் கிடைக்கும்.

துணி காகிதம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. பழைய டெய்லர்கள் முன்பக்கத்தை கிராஸாக வெட்டுவார்கள். கிராஸில் வெட்டிய துணி இழுத்தால் கொடுக்கும், டாட் கொடுக்காத ஆழத்தை அது கொஞ்சம் கொடுக்கும். அம்மா தைத்த ஜாக்கெட்டுகள் சரியாக உட்கார்ந்ததில் பாதிப் புண்ணியம் இந்த கிராஸுக்கு. ஆனால் கல்யாண ஜாக்கெட்டில் என்ன நடக்கிறது? பட்டுத்துணி, உள்ளே நேர் வாட்டத்தில் லைனிங், நடுவில் விறைப்புக்கு ஒட்டுத்துணி, மேலே ஆரி வேலை. நாலும் சேர்ந்து துணியின் நெகிழ்ச்சியைக் கொன்றுவிடுகின்றன. அதாவது கடலைப் பொட்டலக் கணக்கு, சாதா ஜாக்கெட்டைவிடக் கல்யாண ஜாக்கெட்டுக்குத்தான் கறாராகப் பொருந்துகிறது. அங்கேதான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆரி போட்ட பூட்டு

ஆரி வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டித் தைத்த ஜாக்கெட்டின் மேல் அதைப் போடுவதில்லை. முதலில் முழுத் துணியில் கழுத்து, கை, முதுகு எல்லாம் சாக்பீஸால் வரைகிறார்கள். துணியை மரச்சட்டத்தில் முரசு மாதிரி இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் சங்கிலித் தையலும் மணியும் ஜரிகையும் போடுகிறார்கள். அதன் பிறகுதான் கத்தரி. சட்டத்திலிருந்து எடுத்ததும் அடர்த்தியாக வேலை செய்த இடம் துணியைச் சற்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதன் அர்த்தம் என்ன? கழுத்து எங்கே, தோள் எங்கே, கை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது. அந்த அளவுகள் அந்த மூன்று நிமிஷத்தில் எடுத்தவை. அதற்குப் பிறகு பெண் டயட் இருந்து இளைக்கலாம், கல்யாண டென்ஷனில் இளைக்கலாம், பலகாரம் சாப்பிட்டுக் குண்டாகலாம். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் மார்பு சற்று வீங்குவது பல பெண்களுக்கு இயல்பு, முகூர்த்தம் அதைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. ஆனால் ஆல்டர் பண்ண மிஞ்சியிருப்பது பக்கத் தையல் மட்டும். பக்கத் தையலால் சுற்றளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆழத்தைத் தொட முடியாது.

கல்யாண ஜாக்கெட் முதுகுக்கான ஆடையாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். போட்டோகிராபர் நிற்கும் இடம் முதுகுப் பக்கம். மயில், யானை, பல்லக்கு, பெண் மாப்பிள்ளை பெயர் எல்லாம் முதுகில். காசும் உழைப்பும் அங்கே போகிறது. அந்த வேலைப்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ராத்திரி பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்கிறார்கள். ஆனால் முன்பக்கம் என்ன பாரத்தைத் தாங்க வேண்டும் என்று யோசிக்க ஒரு நிமிஷம் ஒதுக்கப்படவில்லை.

கை ஏன் மேலே போகவில்லை

இப்போது மாலை மாற்றலுக்கு வருவோம். அந்த ஜாக்கெட்டை அம்மாவும் நானும் மேஜையில் போட்டுப் பார்த்தோம். என் ஊகம், ஆர்ம்ஹோல் டைட்டாக இருந்திருக்கும் என்று. அம்மா சிரித்தாள். "டைட் இல்லடா. ரொம்ப எறக்கி வெட்டியிருக்கா."

இது எனக்குப் புதுசு. அக்குள் ஓட்டையைப் பெரிதாக வெட்டினால் கை தாராளமாக ஆடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. அக்குளுக்கு ஒட்டி உயரமாக இருந்தால் கை தூக்கும்போது கை மட்டும் போகும். இரண்டு இன்ச் கீழே இறங்கியிருந்தால், கையோடு அந்த இரண்டு இன்ச்சும், அதோடு ஒட்டிய முழு ஜாக்கெட்டும் மேலே கிளம்பும். நெகிழாத ஆரி வேலை செய்த கை, அதுவும் ஒடுக்கமாக வெட்டியது, நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். கீழ்ப்பட்டை உடம்பைப் பிடித்திருந்தால் ஓரளவு தடுத்திருக்கும். அது தளர்வு. அதனால் பட்டை மார்பின் மேலேயே ஏறிவிட்டது. தைத்து வைத்த கப்பும் இடம் மாறி மேலே போய்விட்டது. முன்னூறு பேர் நடுவில், மாமன் தோளில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அம்மா சொன்ன இன்னொரு வாக்கியத்தைத்தான் இந்தப் பதிவின் மையம் என்று நினைக்கிறேன். "அளவு நின்னுண்டு எடுக்கறா. கல்யாணம் உக்காந்துண்டு, குனிஞ்சுண்டு, கையத் தூக்கிண்டுன்னா நடக்கறது?"

எங்கள் தொழிலில் இதற்கு டெஸ்ட் கேஸ் என்று பெயர். ஒரு கல்யாணப் பெண் அன்று என்னென்ன செய்கிறாள் என்று பட்டியல் போட்டேன். மாலை மாற்றலில் இரண்டு கையும் தலைக்கு மேல். ஊஞ்சலில் சங்கிலியைப் பிடித்தபடி உட்காருதல். அப்பா மடியில் உட்காருதல். தாலி கட்டும்போது தலை குனிதல். ஹோமப் புகையில் மணிக்கணக்காகச் சம்மணம். அம்மி மிதிக்க ஒரு காலைத் தூக்குதல். அருந்ததி பார்க்க அண்ணாந்து நிற்றல். பிறகு பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் விழுந்து விழுந்து நமஸ்காரம். கடையில் டிரயல் பார்த்தபோது இவள் செய்தது: கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நேராக நின்றது. பிறகு திரும்பி முதுகைப் பார்த்தது. அவ்வளவுதான்.

ஸ்ரீதேவிக்குத் தெரிந்தது

இதையெல்லாம் நோண்டும்போது வழக்கம்போல இணையக் கதைகள் பல கண்ணில் பட்டன. "வெள்ளைக்காரன் வருவதற்கு முன் தமிழ்ப் பெண்களுக்கு மார்க்கச்சே தெரியாது" என்று ஒரு கட்சி. "சோழர் கண்டுபிடித்ததால்தான் சோளி" என்று எதிர்க்கட்சி. இரண்டாவதற்கு ஒலி ஒற்றுமையைத் தவிர ஆதாரம் எதையும் அவர்கள் காட்டுவதில்லை. முதலாவதைப் பொய் என்று சொல்ல ஸ்ரீரங்கத்துக்காரன் வெகுதூரம் போக வேண்டாம்.

பெருமாளின் இரு பக்கமும் நிற்கும் ஸ்ரீதேவி, பூதேவி செப்புத்திருமேனிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேரையும் எப்படி அடையாளம் காண்பது? சிற்ப வழக்கில் ஒரு முக்கியமான அடையாளம், ஸ்ரீதேவிக்கு மார்பில் கச்சு உண்டு, பூதேவிக்குக் கிடையாது. குசபந்தம் என்று சொல்வார்கள். கோயிலில் அலங்காரத்தில் இது தெரியாது. அருங்காட்சியகங்களில் சோழர் காலத்துத் திருமேனிகள் இருந்தால் கவனியுங்கள். உடம்பைச் சுற்றிவரும் ஒரு பட்டை. தோளிலிருந்து தொங்கும் எதுவும் இல்லை.

பழந்தமிழில் இதற்கான சொற்களும் அப்படியே. கச்சு, வார், வம்பு. கச்சு என்பது கச்சை என்பதற்குப் பக்கத்துச் சொல். வார் என்றால் நீளமான பட்டை. இறுக்கிக் கட்டுவது என்ற எண்ணம்தான் இவற்றில் முன்னால் நிற்கிறது. ரவிக்கை பிற்பாடு தெலுங்கிலிருந்து வந்த சொல். அது கட்டுவது இல்லை, தைத்து மாட்டிக்கொள்வது.

திருச்சி நெசவுக்குப் பெயர்போன இடம். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்திய கிரேக்க நூலான பெரிப்ளஸ், அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணியைப் பற்றிச் சொல்கிறது. அது நம் உறையூர்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நெய்வதிலும் கட்டுவதிலும் நாம் கெட்டிக்காரர்கள். வெட்டித் தைப்பது பிறகு வந்து சேர்ந்த கலை. அது வந்தபோது கட்டும் கலையில் இருந்த அறிவு, அதாவது மார்புக்குக் கீழே ஒரு பட்டை இறுகப் பிடிக்க வேண்டும் என்ற எளிய விஷயம், வழியில் எங்கோ நழுவிவிட்டது போலத் தோன்றுகிறது. இது என் ஊகம், நிரூபணம் இல்லை.

தைத்த பிறகு என்ன செய்யலாம்

அன்றைக்கு ரிசப்ஷன் ஜாக்கெட்டும் அதே கடை, அதே அளவு. சாயங்காலம் வரை நேரம் இருந்தது. அம்மா மண்டபத்து ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஆரி வேலையை ஒரு நூல்கூடத் தொடாமல் இரண்டு காரியம் செய்தாள்.

ஒன்று, அக்குளில் தையலைப் பிரித்து, இரண்டரை இன்ச் சதுரத் துணியை கிராஸாக, வைரக்கல் வடிவில் வைத்துத் தைத்தாள். கை தொங்கும்போது அது மடிந்து மறைந்துவிடும். கை உயரும்போது விரிந்து கொடுக்கும். ஜாக்கெட் இருந்த இடத்தில் இருக்கும்.

இரண்டு, உள்ளே லைனிங்கோடு சேர்த்து, மார்புக்குக் கீழே வருகிற மாதிரி ஒரு இன்ச் அகல எலாஸ்டிக் பட்டை. அதற்குத் தனியாக இரண்டு ஊக்கு. முதலில் உள்பட்டையை மாட்டிக்கொண்டு, பிறகு வெளி ஊக்குகள். பாரம் உள்பட்டைக்குப் போய்விடும், வெளியே பட்டுத்துணி இழுபடாமல் அழகாக நிற்கும்.

பிறகு படித்தபோது தெரிந்தது, தோள்பட்டை இல்லாத வெள்ளைக் கல்யாண கவுனுக்கு உள்ளேயும் நல்ல தையல்காரர்கள் இதையே செய்கிறார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு அழுத்தமான நாடா, தனி ஊக்கு. கவுனின் கனம் அதில்தான் நிற்கிறது. பாரிஸானாலும் உத்திர வீதியானாலும் புவியீர்ப்பு ஒன்றுதானே. எனக்கு அந்த எலாஸ்டிக்கைப் பார்த்ததும் ஸ்ரீதேவியின் கச்சுதான் ஞாபகம் வந்தது.

இவை போக, ஆரியைத் தொடாமல் செய்யக்கூடியவை: சுற்றளவு போதாவிட்டால் அக்குளிலிருந்து கீழ்வரை பக்கவாட்டில் அதே நிறத் துணித் துண்டு சேர்க்கலாம், கை அதை மறைத்துவிடும். டாட் முனை துருத்தினால், உச்சிக்கு முக்கால் இன்ச் முன்பே டாட்டை முடித்துத் திரும்பத் தைக்கலாம். முன் கழுத்து வாய் பிளந்து நின்றால் தோளைப் பிடிக்காதீர்கள், ஆர்ம்ஹோல் இன்னும் கெடும். லைனிங்கில் கழுத்தோரம் மெல்லிய நாடாவைச் சற்று இழுத்து வைத்துத் தைத்தால் அடங்கும். ஆழமே போதவில்லை என்றால் மட்டும் வழி இல்லை. முன்பக்கம் புதிதாக வெட்ட வேண்டும். முன்பக்கத்தில் வேலைப்பாடு குறைவாக இருந்தால் அதுவும் சாத்தியம்தான்.

தைக்கக் கொடுப்பதற்கு முன்பு என்றால் இன்னும் சுலபம். மார்பு சுற்றளவோடு இன்னும் ஆறு அளவு கேளுங்கள்: மார்புக்கு மேலே சுற்றளவு, மார்புக்குக் கீழே சுற்றளவு, முன்பக்க அகலம் தனியாக, தோளிலிருந்து உச்சி வரை, உச்சிக்கும் உச்சிக்கும் இடையே, உச்சியிலிருந்து கீழ்ப்பட்டை வரை. கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். பக்கத் தையலில் உள்ளே ஒரு இன்ச் துணி விடச் சொல்லுங்கள். ஆரிக்குக் கொடுப்பதற்கு முன் காடாத் துணியில் ஒரு மாதிரி ஜாக்கெட் தைத்துப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்கு ஒரு மீட்டர் காடாத் துணி பெரிய செலவா?

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. முகூர்த்த சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட்! ஏழு அளவு எடுக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பெண்ணும் கூச்சமில்லாமல் நிற்க வேண்டும். "இங்க இழுக்குது" என்று அவள் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மார்பு என்ற சொல்லையே சத்தமாகச் சொல்ல மாட்டோம். பெண் சொல்ல மாட்டாள், அம்மா கேட்க மாட்டாள், டெய்லர் வாய் திறக்க மாட்டார். மூன்று பேரும் மரியாதையாக இருந்து கடைசியில் ஒரு பெண் கையைத் தூக்க முடியாமல் நிற்கிறாள். நாம் அதற்கு வெட்கம் என்று பெயர் வைக்கிறோம்.

அக்காவின் இரண்டாவது பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை காடாத் துணி ஜாக்கெட் தயாரானது. அம்மா அவளைக் கூடத்தில் நிறுத்தி, ஒரு ஈரிழைத் துண்டை மாலையாக மடித்துக் கையில் கொடுத்தாள். "மாமா கழுத்துல போடு." போட்டாள். "இன்னும் ஒசரமா." நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். அங்கேயும் போட்டாள். "உக்காரு. நமஸ்காரம் பண்ணு. எழுந்திரு. திரும்பப் பண்ணு." பத்து தடவை பண்ண வைத்தாள். வலது அக்குளில் ஒரு இடத்தில் லேசாக இழுத்தது. அம்மா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

ஆரிக்கு இன்னும் கொடுக்கவில்லை. முதலில் அந்தக் கோடு சரியாகட்டும்.